டிராக்டர் டிப்பருக்கு வால்வும் ஹோஸும் வாங்குவது எப்படி?

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

நம் தருமபுரி ஜில்லாவில் ஏர் மாடு குறைந்து டிராக்டர் பெருகிவிட்டதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிவார்கள். சொந்தத்தில் டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகளுக்கென்று, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, டிராக்டரையும் அதனுடன் இணைக்கும் கருவிகளையும் வாடகைக்கு விட்டு வருகின்றன. இக்கருவிகளில் டிப்பர் டிரெய்லர், ரிவர்சிபிள் கலப்பை, முன்புற லோடர் ஆகியவை எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குபவை. டிராக்டரையும் கருவியையும் வாங்கும்போது நிர்வாகக் குழு பல முறை கூடி ஆலோசிக்கிறது. ஆனால் அவ்விரண்டையும் இணைக்கின்ற வால்வும் ரப்பர் ஹோஸும் வாங்கும் விஷயம், "சில்லறைச் சாமான்" என்னும் தலைப்பில் இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன நேரக்கூடும் என்பதை நான் ஒரு முறை நேரில் கண்டேன். அதில் என் பங்கும் இருந்தபடியால் இதை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதித்தபோது, டிப்பருக்கு வாங்கிய ஹோஸ் ஒன்றின் பற்றுச்சீட்டு கண்ணில் பட்டது. மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டிருந்தன. மூன்றிலும் "அரை அங்குல ஹைட்ராலிக் ஹோஸ்" என்றே இருந்தது. காரியதரிசியோ அவற்றுள் அதிக விலையுள்ளதை வாங்கியிருந்தார். "குறைந்த விலைப்புள்ளி இருக்க, கூடிய விலைக்கு வாங்கிய காரணம் என்ன?" என்று என் குறிப்பில் எழுதினேன். அவர் சொல்ல வந்த விளக்கத்தை நான் பொறுமையுடன் கேட்கவில்லை. சங்கம் என் குறிப்புக்குக் கீழ்ப்படிந்தது. அடுத்த முறை ஹோஸ் தேய்ந்தபோது மிகக் குறைந்த விலைக்கே வாங்கினார்கள். மிச்சமானது சில நூறு ரூபாய்.

எட்டு மாதம் கழித்து நான் அதே ஊருக்குச் சென்றிருந்தேன். ஏரி வண்டலை அங்கத்தினர் ஒருவரின் நிலத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஈர வண்டல் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு சரியவில்லை. டிரைவர் தொட்டியை முழு உயரத்துக்குத் தூக்கி, நெம்புகோலை விடாமல் பிடித்திருந்தார். ஒரு முதியவர் கடப்பாரையுடன் தொட்டியின் அடியிற் சென்று கீழிருந்து தட்டத் தொடங்கினார். திடீரென்று வெடி வெடித்ததைப் போன்ற சத்தம் கேட்டது. ஹோஸ் பிளந்து எண்ணெய் பீறிட்டது. தொட்டி ஒரு சாண் இறங்கி, பலத்த ஓசையுடன் நின்றுவிட்டது. முதியவர் அடியிற் செல்லுமுன் புளியங்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கட்டை இல்லையானால் அன்றைய தினம் எப்படி முடிந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நடுக்கம் தீர்ந்தபின், "கட்டை வைக்கவேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள், ஐயா?" என்று கேட்டேன். "யாருஞ் சொல்லலைங்க. கவலை ஓட்டற காலத்துல, வடத்தை நம்பிச் சாலுக்கு அடியிலே நிக்கக் கூடாதுன்னு எங்கப்பன் சொல்லுவாருங்க" என்றார் அவர்.

கிழிந்த ஹோஸைத் துடைத்துப் பார்த்தேன். அதன்மேல் '1எஸ்என்' என்றும், அளவு அரை அங்குலம் என்றும், 160 பார் என்றும் அச்சிட்டிருந்தது. அந்த டிராக்டரின் எண்ணெய் அழுத்தமோ 190 பார் வரை ஏறக்கூடியது. காரியதரிசி முன்பு கூடிய விலைக்கு வாங்கியது '2எஸ்என்' வகை. அது அதே அரை அங்குல அளவில் 275 பார் தாங்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம் அரை அங்குல ஹோஸ் கேட்டோம். அவர் அதைக் கொடுத்தார். எவ்வளவு அழுத்தம் தாங்கவேண்டும் என்று கேட்காதது நம் குற்றம். கேட்ட காரியதரிசியைத் தடுத்தது என் குற்றம்.

எண்ணெய்க்கு இத்தனை பலம் எங்கிருந்து வருகிறது?

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அத்தத்துவத்தைக் கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் அழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் நெசவாளர்களுக்கு நூலாக வரும் பருத்தியை மில்லுக்கு அனுப்புமுன் பேலாக இறுக்கிக் கட்டுவதும் இவ்வகை யந்திரமே. டிராக்டரின் பின்புறத்தில் மூன்று இணைப்புகளில் கருவியை மாட்டி, அதை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை வளர்த்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அம்முறை கொண்ட அவருடைய டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய மாஸே பெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1960-இல் சென்னையில் டாபே தொடங்கப்பட்டது. இன்று எந்தக் கம்பெனியின் டிராக்டரை எடுத்தாலும் இந்த மூன்று இணைப்பு முறையைக் காணலாம்.

கணக்கு எளிது. 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டரின் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் 150 பார் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 150 கிலோ எடை அழுத்துவதாகப் பொருள். இரண்டையும் பெருக்கினால் 7,500 கிலோ. இந்தப் பாரத்தைத் தூக்கும் அதே அழுத்தந்தான் ஹோஸின் உட்சுவரையும் ஒவ்வோர் அங்குலத்திலும் பிளக்கப் பார்க்கிறது. அன்று கவலையில் வடத்தின் மேல் இருந்த பொறுப்பு இன்று ஹோஸின் மேல் இருக்கிறது. வடம் நைவதைக் கண் காணும். ஹோஸ் உள்ளுக்குள் நைவதைக் காண முடியாது.

முதலில் டிராக்டரை அறிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகுமுன் டிராக்டருடன் வந்த கைப்புத்தகத்தைப் பார்த்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒன்று, எண்ணெயின் உச்ச அழுத்தம். மற்றொன்று, பம்பு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தள்ளுகிறது என்பது. நம் கிராமங்களில் ஓடும் நடுத்தர டிராக்டர்களில் அழுத்தம் பெரும்பாலும் 150 முதல் 200 பார் வரையிலும், எண்ணெய் நிமிஷத்துக்கு 20 முதல் 40 லிட்டர் வரையிலும் இருக்கும். ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பி வாங்கக்கூடாது. நம் டிராக்டரின் எண் நமக்கு வேண்டும்.

அளவைகளிலும் குழப்பம் உண்டு. ஒரு கடையில் பார் என்பார்கள். மற்றொரு கடையில் பிஎஸ்ஐ என்பார்கள். ஒரு பார் என்பது ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ. ஆகவே 3,000 பிஎஸ்ஐ என்பது சுமார் 207 பார் மட்டுமே. எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பலமும் பெரிது என்று ஏமாறக்கூடாது.

வால்வைத் தேர்ந்தெடுக்கும் விதம்

எண்ணெய் எந்த வழியே போகவேண்டும் என்று ஆணையிடுவது வால்வு. வாய்க்காலில் மடை திறந்து மடை அடைப்பதைப் போன்றது அதன் வேலை. இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கருவி ஒரு வழியா, இரு வழியா என்பது. டிப்பரின் சிலிண்டர் சாதாரணமாக ஒரு வழி. எண்ணெய் தூக்கும், தொட்டியின் எடையே இறக்கும். ஒரே ஹோஸ் போதும். ரிவர்சிபிள் கலப்பையைப் புரட்டும் சிலிண்டர் இரு வழி. போகவும் வரவும் எண்ணெய் தள்ளவேண்டும். இரண்டு ஹோஸ் வேண்டும். இரு வழி வால்வு ஒன்றை வாங்கி, அதன் ஒரு வாயை அடைத்துவிட்டு டிப்பருக்கு உபயோகிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது தவறு. தொட்டியை இறக்கும்போது பம்பு தள்ளும் எண்ணெய் அடைபட்ட வாயில் முட்டி, முழு அழுத்தத்துக்கு ஏறி, காப்பு வால்வு வழியே திமிறிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பும். ஒரு வழிச் சிலிண்டருக்கு ஒரு வழி வால்வையே கேட்டு வாங்கவேண்டும்.

இரண்டாவது, நெம்புகோல் நடுவில் நிற்கும்போது எண்ணெய் எங்கே போகிறது என்பது. பற்சக்கரப் பம்பு உள்ள டிராக்டரில் பம்பு ஓயாமல் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு, நடுநிலையில் எண்ணெய் தடையின்றித் திரும்பும் 'ஓப்பன் சென்டர்' வால்வு வேண்டும். நடுநிலையில் அடைத்துக்கொள்ளும் வால்வை அங்கே மாட்டினால், வேலை இல்லாத நேரத்திலும் எண்ணெய் காப்பு வால்வு வழியே முட்டிக்கொண்டிருக்கும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் 150 பாரில் இப்படி வீணானால், 5 கிலோவாட் சக்தி வெறும் சூடாகிறது. 5 குதிரைத்திறன் கிணற்று மோட்டாரின் சக்தி 3.7 கிலோவாட் என்பதை நினைத்தால் இந்த நஷ்டத்தின் அளவு புலப்படும். அத்தனையும் டீசல். அதற்குமேல் எண்ணெய் கொதித்துச் சீல்கள் கெடுவது தனி.

மூன்றாவது, புது வால்வைத் தாண்டி எண்ணெய் வேறு எங்கும் போகவேண்டுமா என்பது. பம்புக்கும் டிராக்டரின் சொந்தத் தூக்கிக்கும் நடுவில் புது வால்வை மாட்டும்போது, எண்ணெய் அதைக் கடந்து தூக்கிக்கும் செல்லவேண்டும். அதற்கென்று 'பவர் பியாண்ட்' என்னும் தனி வாய் உள்ள வால்வு வேண்டும். அவ்வாயில்லாத வால்வின் திரும்பும் வாயிலிருந்தே தூக்கிக்கு எண்ணெய் எடுத்தால், அழுத்தம் தாங்கும்படி அமைக்காத அந்த வாய் முழு அழுத்தத்துக்கு உள்ளாகும். வால்வின் உடல் விரிசல் காணவும் கூடும்.

நான்காவது, பாரத்தைப் பிடித்து நிறுத்துவது. உருளைத் தண்டு நகர்ந்து வேலை செய்யும் வால்வில் தண்டுக்கும் துளைக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி இருந்தே தீரும். அது தலைமயிரின் பருமனில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதன் வழியே எண்ணெய் துளித்துளியாகக் கசியும். தூக்கிய பாரம் மெல்ல இறங்குவது இதனால்தான். பாரம் அசையாமல் நிற்கவேண்டுமானால் தனிப் பூட்டு வால்வு வேண்டும். அதையும் சிலிண்டரின் மேலேயே பொருத்தவேண்டும். சிலிண்டருக்கும் பூட்டு வால்வுக்கும் நடுவில் ஹோஸ் இருந்தால், ஹோஸ் வெடிக்கும்போது பூட்டினால் பயனில்லை. பூட்டு வால்வு இருந்தாலும் முட்டுக் கட்டையை விடக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாரம் தூக்கவில்லை என்றால், காப்பு வால்வின் திருகைச் சற்று முறுக்கிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்போதைக்குப் பாரம் எழும்பும், டிரைவரும் பாராட்டுவார். ஆனால் பம்பும் ஹோஸும் சிலிண்டரும் எந்த அழுத்தத்துக்கு என்று செய்யப்பட்டனவோ அந்த எல்லையே தகர்ந்துபோகிறது. அத்திருகை அழுத்தமானி இல்லாமல் யாரும் தொடுவதற்கு இடங்கொடுக்கலாகாது.

ஹோஸைத் தேர்ந்தெடுக்கும் விதம்

ஹோஸின் பலம் ரப்பரில் இல்லை; ரப்பருக்குள் மறைந்திருக்கும் எஃகுக் கம்பிப் பின்னலில் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் ஆடும் பின்னல் கோலாட்டத்தில் பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றிக் கயிறுகளைப் பின்னுவதைப் போலவே, யந்திரமும் உள் ரப்பரின் மேல் கம்பிகளைப் பின்னுகிறது. ஒரு பின்னல் உள்ளது 1எஸ்என். இரண்டு பின்னல் உள்ளது 2எஸ்என். மேலுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. துணியைத் தொட்டே நூல் நம்பரைச் சொல்லும் நெசவாளர் அன்பரும் இதைத் தொட்டுச் சொல்ல முடியாது. மேலுள்ள அச்சைப் படித்தே தீரவேண்டும். ஐரோப்பிய ஈஎன் 853 தரவிதிப்படி அவை தாங்கும் அழுத்தம் பின்வருமாறு:

கால் அங்குலம்: 1எஸ்என் 225 பார், 2எஸ்என் 400 பார்.
முக்கால் அரை அங்குலம் (எட்டில் மூன்று): 1எஸ்என் 180 பார், 2எஸ்என் 330 பார்.
அரை அங்குலம்: 1எஸ்என் 160 பார், 2எஸ்என் 275 பார்.

ஒரே வகையில் அளவு பெருக்கப் பெருக்கத் தாங்கும் அழுத்தம் குறைவதைக் கவனியுங்கள். "பெரிய ஹோஸாகப் போட்டால் பத்திரம்" என்பது முழு உண்மையன்று.

புது ஹோஸ் வெடிப்பதற்குக் குறித்த அழுத்தத்தின் நான்கு மடங்கு வேண்டும். ஆகவேதான் அன்று நாங்கள் வாங்கிய ஹோஸ் முதல் நாளே வெடிக்கவில்லை. ஆனால் எல்லைக்கு மீறிய ஒவ்வொரு தூக்கலிலும் கம்பிகள் களைத்துப்போகின்றன. வளைவில் உராய்ந்த இடத்தில் களைப்பு இன்னும் அதிகம். நான்கு மடங்கு என்பது வெயிலுக்கும், அதிர்ச்சிக்கும், வயதுக்கும் வைத்திருக்கும் கையிருப்பு. கையிருப்பைத் தினச் செலவுக்கு எடுக்கும் சங்கத்தின் கதி என்னவென்று அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அளவை முடிவு செய்வது எண்ணெயின் ஓட்டம். அழுத்தக் குழாயில் எண்ணெய் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்துக்குள் ஓடுவது நல்லது. நிமிஷத்துக்கு 20 லிட்டர் என்றால் எட்டில் மூன்று அங்குலம் போதும். 40 லிட்டர் என்றால் அரை அங்குலம் வேண்டும். அதையே எட்டில் மூன்றில் செலுத்தினால் வேகம் 9 மீட்டருக்கு மேற்பட்டு எண்ணெய் சூடாகும். எண்ணெய் திரும்பும் குழாய் இன்னும் தாராளமாக இருப்பது நலம்.

பொருத்துவதிலும் விதி உண்டு. அரை அங்குல ஹோஸை 180 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கலாகாது. அதாவது ஒரு சிறு முறத்தின் அகலமுள்ள வட்டத்துக்குள் அதை மடக்கக்கூடாது. முனையை ஒட்டியே வளையாமல், சிறிது தூரம் நேராகச் சென்று வளையவேண்டும். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் வரை சுருங்கக்கூடும். ஆகவே இழுத்துப் பிடித்துக் கட்டக்கூடாது. டிராக்டர் முழுத் திருப்பம் திரும்பும்போதும் எட்டவேண்டும். தரையில் இழுபடவும் கூடாது. மேலுள்ள அச்சு வரி நேராக ஓடினால் ஹோஸ் முறுக்கின்றி இருக்கிறது என்று அறியலாம்.

முனைகளும் இணைப்புகளும்

முனையின் மரையிலும் ஏமாற்றம் உண்டு. அரை அங்குல பிஎஸ்பி மரைக்கும் அரை அங்குல என்பிடி மரைக்கும் அங்குலத்துக்கு 14 புரிகளே. ஆயினும் புரியின் கோணம் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. ஒன்றில் மற்றொன்று சில சுற்று ஏறும், இறுகியதாகவும் தோன்றும், பிறகு கசியும். பழைய முனையைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப்பார்த்து வாங்குவதே உத்தமம். முனையைக் கிரிம்பிங் யந்திரத்தில்தான் பிடிக்கவேண்டும். கம்பி சுற்றியோ, வளையம் முறுக்கியோ, பழைய முனையைத் திரும்ப மாட்டியோ ஒட்டுப்போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

சட்டென்று மாட்டிக் கழற்றும் கப்ளர்களுக்குத் தூசி மூடி கட்டாயம் வேண்டும். சங்கத்தின் டிரெய்லர் இன்று ஒரு டிராக்டரிலும் நாளை மற்றொரு டிராக்டரிலும் மாட்டப்படுவது. நம் செம்மண் தூசி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் எல்லா டிராக்டருக்கும் அது பயணம் செய்யும். துடைப்பதற்குப் பஞ்சுக் கழிவை உபயோகிக்க வேண்டாம். அதன் இழைகள் வால்வின் நுண்ணிய இடைவெளியில் சிக்கிக்கொள்ளும். நெய்த சுத்தமான துணித்துண்டே ஏற்றது. நெசவாளர் சங்கத்தில் கழித்த துண்டுத் துணிகள் இதற்குப் போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஊசி

டிரைவர்களுக்குக் கட்டாயம் படித்துக் காட்டவேண்டிய பகுதி இது. ஹோஸில் ஊசித் துளையளவு கசிவு ஏற்பட்டால், எண்ணெய் புகையைப் போல் மெல்லிய தாரையாகப் பாயும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நம் வழக்கம். அத்தாரை தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். முதலில் முள் குத்தியதைப் போலத்தான் இருக்கும். வலியும் அதிகம் இராது. சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கும். விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஆகவே கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கவேண்டும், கையை நீட்டக்கூடாது. தவறி நேர்ந்துவிட்டால், காயம் சிறிது என்று அசட்டையாக இராமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். "அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். ஹோஸைக் கழற்றுமுன் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை இருபுறமும் அசைத்து அழுத்தத்தைத் தணிக்கவேண்டும்.

விலைப்புள்ளி கேட்கும் முறை

சங்கங்கள் இனி "ஹோஸ் ஒன்று, வால்வு ஒன்று" என்று எழுதாமல், கீழ்க்கண்டவற்றைக் குறித்து விலைப்புள்ளி கேட்கவேண்டுமென்று யோசனை கூறுகிறேன்:

1. டிராக்டரின் பெயர், மாடல், உச்ச அழுத்தம், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய்.
2. கருவியின் பெயர், சிலிண்டர் ஒரு வழியா, இரு வழியா.
3. வால்வு: ஓப்பன் சென்டரா, காப்பு வால்வுடன் கூடியதா, பவர் பியாண்ட் வாய் வேண்டுமா.
4. ஹோஸ்: தரவிதி, வகை, அளவு, நீளம், தாங்கும் அழுத்தம் டிராக்டரின் உச்ச அழுத்தத்துக்குக் குறையாதிருத்தல்.
5. இரு முனைகளின் மரை வகை, யந்திரக் கிரிம்பிங்.
6. ஹோஸின் மேல் தயாரித்த காலம் அச்சிட்டிருத்தல்.

இப்படிக் கேட்டபின் ஒரே தரத்துக்கு வந்த விலைப்புள்ளிகளுள் குறைந்ததை ஏற்பது சிக்கனம். தரம் குறிக்காமல் குறைந்ததை ஏற்பது சிக்கனமன்று. இருப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு ஹோஸையும் மாட்டிய தேதியையும் குறித்து வைக்கவேண்டும். மேலுறை வெடித்தாலோ, கம்பி தெரிந்தாலோ, கொப்புளம் எழுந்தாலோ அன்றே மாற்றவேண்டும். அறுவடைக் காலத்தில் அலையாமலிருக்க ஒரு ஹோஸ் கையிருப்பில் இருப்பதும் நல்லது.

அந்தச் சங்கத்தின் பரிசோதனைப் புத்தகத்தில் என் பழைய குறிப்பின் கீழ், "மேற்கண்ட ஆட்சேபணை தவறானது, காரியதரிசி செய்ததே சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். காரியதரிசி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. புது ஹோஸுக்கு அவர் தயாரித்து வைத்திருந்த விலைப்புள்ளிக் கடிதத்தை என் முன் வைத்தார். மேலே கண்ட ஆறு இனங்களில் முதல் ஐந்து அதில் இருந்தன. அந்த டிரெய்லரின் சட்டத்தில் இப்போது மடக்கி நிமிர்த்தும் இரும்பு முட்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கிறது. புளியங்கட்டையையும் அவர்கள் எறியவில்லை; தொட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். மற்றச் சங்கங்களும் அடுத்த குழுக் கூட்டத்திலேயே தங்கள் டிப்பரின் ஹோஸில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வார்களாக.